மில் வாங்காத ஜெனோன்

ராதோம் நகரத்தில் ஜெனோன் மசூரெக்கைப் போல விலை விசாரித்த மனிதர் இன்னொருவர் இருந்திருக்க முடியாது. குடியிருப்புக் கூட்டுறவுச் சங்கத்தின் கொள்முதல் பிரிவில் முப்பது வருடம் உட்கார்ந்து எழுந்தவர். அடுக்குமாடிகளுக்கு பல்பு, லிப்டுக்குக் கம்பிவடம், மாடிப்படிக்குப் பெயிண்ட், பனி தள்ள மண்வாரி, எது வாங்கினாலும் மூன்று இடத்தில் கொட்டேஷன் வாங்க வேண்டும் என்பது அங்கே சட்டம். மற்றவர்களுக்கு அந்தச் சட்டம் ஆபீஸ் கதவோடு நின்றுவிடும். ஜெனோனுக்கு அது ரத்தத்தில் ஊறிப்போனது. முடி வெட்டிக்கொள்ளக்கூட மூன்று கடை ஏறி இறங்குவார். மூன்றாவது கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் கடையைப் பூட்டியிருப்பார்கள், வளர்ந்த தலையோடு வீடு திரும்புவார்.

அவர் கையில் ஒரு வித்தை இருந்தது. விற்கிறவனிடம் எதையும் நேராகக் கேட்க மாட்டார். "பக்கத்து ஊர் லூப்ளின்ல இதையே கம்மியாத் தர்றாங்களாம்" என்று பொதுவாகச் சொல்லி வைப்பார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி வேடிக்கை பார்ப்பார். அவ்வளவுதான். எதிரே இருப்பவன் நெளிவான், தொண்டையைச் செருமுவான், கடைசியில் தானாகவே விலையை இறக்குவான். முப்பது வருடத்தில் இந்த வித்தை ஒருமுறைகூடப் பிசகியதில்லை. ஆபீசைப் பொறுத்தவரை.

வீட்டைப் பொறுத்தவரை ஒருமுறை பிசகியது. மனைவி எல்ஜ்பியெத்தா வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு ஜெர்மனி போனவள். ஆறு வாரம் அங்கே, ஆறு வாரம் இங்கே என்றுதான் பேச்சு. போகப் போக அங்கே நீண்டது, இங்கே சுருங்கியது. "திரும்பி வந்துடு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வந்திருப்பாளோ என்னவோ. ஜெனோன் போனில் என்ன சொன்னார் தெரியுமா? "நாலாவது மாடி லெஷெக் மறுபடி கல்யாணம் பண்ணிக்கிட்டான். பொண்டாட்டி ஊர்ல இல்லேன்னா மனுஷன் என்னதான் செய்வான்" என்றார். சொல்லிவிட்டு வழக்கம்போல ஜன்னலைப் பார்த்தார். "நல்ல விஷயம்தானே, சந்தோஷமா இருக்கட்டும்" என்றாள் அவள். அந்த வசந்தத்திலேயே விவாகரத்துக் காகிதம் வந்தது. பட்டும் திருந்தினாரா என்றால், அதுதான் இல்லை.

தனியாகிப் போனவருக்கு பீர் காய்ச்சக் கற்றுக்கொடுத்தது ஹென்ரிக். சங்கத்தில் லிப்ட் மெக்கானிக். ஊர் ஓரத்தில் தோட்டத்தோடு ஒரு வீடு, அதை ஒட்டி ஒரு கராஜ். அந்த கராஜில் கார் நின்றதே இல்லை, அண்டாவும் அடுப்பும் பீப்பாயும்தான் நின்றன. மாதத்தில் ஒரு சனிக்கிழமை இருவரும் சேர்ந்து காய்ச்சுவார்கள். முளைகட்டி உலர்த்திய பார்லியை, அதாவது மால்ட்டை, ஹென்ரிக் எப்போதும் முழுசாகவே வாங்குவான், அரைப்பது அவன் மில்லில்தான். லிப்ட் பட்டறையின் கழிவு இரும்பில் அவனே கடைந்த இரண்டு உருளைகள், ஒரு கைப்பிடி, மேலே ஒரு தகர வாய், அடியில் ஒரு பலகை. பலகையை வாளி மேல் வைத்துக் கைப்பிடியைச் சுற்றினால் பார்லி நறநறவென்று உடைந்து விழும்.

பார்லி மாவாகக் கூடாது. மாவானால் கஞ்சி போலக் குழைந்து, சாறு இறங்காமல் அண்டா அடைத்துக்கொள்ளும். உள்ளே இருக்கும் பருப்பு நொய்யாக உடைய வேண்டும், வெளியே உமி கிழியாமல் முழுசாக நிற்க வேண்டும், ஏனென்றால் அந்த உமிதான் பிறகு வடிகட்டியாக வேலை செய்யும். உருளைகளுக்கு நடுவில் இருக்கும் இடைவெளியில்தான் சூட்சுமம். ஹென்ரிக் தன் பேங்க் கார்டை இடையில் நுழைத்துப் பார்ப்பான். உரசிக்கொண்டு போனால் சரி. "இந்தக் கார்டால எனக்கு ஆகுற ஒரே பிரயோஜனம் இதுதான்" என்பான்.

ஹென்ரிக் ஒரு டிசம்பரில் மாரடைப்பில் போய்விட்டான். அடக்கத்தின்போது ஜெனோன் அவன் மனைவி போஜெனா முன்னால் தொப்பியைக் கசக்கிக்கொண்டு நின்றார். அதன்பிறகு அவர் தன் வீட்டுச் சமையலறையிலேயே காய்ச்சினார். மால்ட் விற்கும் கடைக்கு ஆன்லைனில் ஆர்டர் போடும்போது ஒரு கட்டம் வரும்: முழுசாக வேண்டுமா, அரைத்து வேண்டுமா. அரைத்து என்று தட்டினால் கடையிலேயே அரைத்து அனுப்பிவிடுவார்கள். அதற்குத் தனியாகக் காசு கிடையாது. மில் எதற்கு, மெனக்கெடுவது எதற்கு. ஜெனோனும் எல்லோரையும் போல அரைத்தே வாங்கினார்.

ஆனால் பீர் காய்ச்சுவதில் ஒரு சங்கடம் உண்டு, அதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. சூப் என்றால் ஒரு கிண்ணம் வைக்கலாம். பீரை ஒரு பாட்டில் காய்ச்ச முடியாது. ஒரு அண்டா போட்டால் நாற்பது பாட்டில் வந்து நிற்கும். ஜெனோனோ ராத்திரிச் சாப்பாட்டோடு ஒன்று குடிப்பார், அதிலும் பாதி நாள் கொஞ்சம் மிச்சம் வைப்பார். கட்டிலுக்கு அடியில், குளியலறையில், துணி அலமாரிக்குப் பின்னால் என்று வீடு முழுக்கப் பாட்டில்கள் வரிசை கட்டி நின்றன. அவற்றைப் பார்க்கும்போதெல்லாம், யாரோ விருந்துக்கு வருவதாகச் சொல்லிவிட்டு வராமல் போனது போல அவருக்கு மனசு கனத்தது.

அடுத்த நவம்பர் முதல் தேதி, எல்லோரும் கல்லறைகளுக்கு விளக்கேற்றப் போகிற நாள். ஹென்ரிக் கல்லறையில் போஜெனா சருகுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறவள், கைகள் உரம் ஏறியவை, பேச்சு வெட்டு ஒன்று துண்டு இரண்டு.

"இன்னும் காய்ச்சுறீங்களா, ஜெனோன் சார்?"

"ஏதோ காய்ச்சுறேன், மேடம்."

"அவரோட மில்லு கராஜ்ல சும்மா கிடக்கு. துருப்பிடிக்கப் போகுது. வேணும்கிறப்ப வந்து அரைச்சுக்குங்க."

கடையிலேயே அரைத்துத் தருகிறார்கள் என்று சொல்ல ஜெனோன் வாயைத் திறந்தார். திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டார். "ரொம்ப உபகாரம், மேடம். நானே ஒரு மில்லு வாங்கலாம்னு பாத்துக்கிட்டிருக்கேன். அதுவரைக்கும் வர்றேன்" என்றார். அன்று சாயங்காலமே ஆர்டர் போட்டார். முழுசாக என்ற கட்டத்தைத் தட்டினார்.

இப்படித்தான் அந்தப் பொய் தொடங்கியது. பார்க்கப்போனால் அதைப் பொய் என்று சொல்லவும் முடியாது, ஏனென்றால் அவர் நிஜமாகவே மில் பார்த்தார். இரண்டு வருடம் பார்த்தார். கசகசா அரைக்கிற பழைய வார்ப்பிரும்பு மில் ஒன்று மலிவாகக் கிடைத்தது, தட்டு இரண்டும் உமியைக் கிழித்துவிடும் என்று தள்ளினார். சீனாவிலிருந்து வருகிற இரண்டு உருளை மில் நடுத்தர விலை, இடைவெளித் திருகு நாளடைவில் தளர்ந்துவிடுகிறதாம் என்று யாரோ எழுதியிருந்ததைப் படித்துத் தள்ளினார். மூன்று உருளை மில் அருமையானது, ஆனால் அந்தக் காசுக்கு ஒரு சைக்கிள் வாங்கலாம் என்று தள்ளினார். சைக்கிள் வாங்கினாரா என்று கேட்காதீர்கள்.

மாதம் ஒரு சனிக்கிழமை, சக்கரம் வைத்த பையில் மால்ட் மூட்டையைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவார். ஐந்து கிலோ அரைக்கக் கால் மணி நேரம் போதும். ஜெனோனுக்கு இரண்டு மணி நேரம் பிடிக்கும். ஒரு பிடி அரைப்பார், வெள்ளைக் காகிதத்தில் கொட்டி உமியைப் புரட்டிப் பார்ப்பார், இடைவெளியைத் தொட்டும் தொடாமலும் திருகுவார், மறுபடி ஒரு பிடி. போஜெனா முதலில் வெளிச்சம் போதுமா என்று கேட்க வந்தாள். அடுத்த மாதம் காப்பியோடு வந்தாள். அதற்கடுத்த மாதம் கோட்டை மாட்டிக்கொண்டு வந்து ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். கராஜில் வாயைத் திறந்தால் புகை வரும், அத்தனை குளிர்.

"இன்னிக்குப் பீட்ரூட் சூப் வெச்சேன். ஒரு பய, பல்லு விழுந்தவன், 'இது ரத்தமா'ன்னு கேட்டான். அவ்வளவுதான், ஒரு வகுப்பே தட்டைத் தள்ளிடுச்சு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஆமாடா, போன வருஷம் சாப்பிடாம எழுந்து போனவனோடதுன்னு சொன்னேன். கிண்ணத்தை நக்கித் துடைச்சுட்டுப் போனான்."

ஜெனோன் சிரிப்பை அடக்க முடியாமல் கைப்பிடியை விட்டுவிடுவார். வீட்டில் அவர் சிரிக்கிற சத்தத்தை அவரே கேட்டு எவ்வளவு காலம் ஆகிவிட்டது. அரைத்து முடித்தபின் அடுக்களையில் பிளம் பழம் போட்ட கேக் ஒரு துண்டு. போன தடவை காய்ச்சியதில் இரண்டு பாட்டில் அவளுக்கு. அந்த ஊரில் வீட்டில் காய்ச்சுகிறவர்கள் பீரை எவ்வளவு வேண்டுமானாலும் தருவார்கள், காலி பாட்டிலை மட்டும் மறக்காமல் திரும்பக் கேட்பார்கள். போஜெனா ஒவ்வொரு தடவையும் எல்லாவற்றையும் தராமல் ஒன்றை நிறுத்திக்கொள்வாள். "ஒண்ணு இன்னும் கழுவல, அடுத்த மாசம் தர்றேன்" என்பாள். பள்ளிக்கூடத்தில் நூறு பாத்திரம் தேய்க்கிறவளுக்கு ஒரு பாட்டில் கழுவ நேரமில்லையா என்று ஜெனோனுக்குத் தோன்றவே இல்லை. மூன்று கொட்டேஷனில் இருக்கும் கால் ஸ்லோட்டி வித்தியாசம் கண்ணில் படும், இது படாது.

காய்ச்சுகிறவர்கள் சங்கம் என்று ஒன்று இருந்தது. மாதத்தின் முதல் புதன்கிழமை ஒரு பாரின் பின்னறையில் கூடுவார்கள். ஓட்டுநர் பயிற்சி கொடுக்கிற யாரெக்தான் அதற்குச் செயலாளர். வாய் சும்மா இருக்காது.

"அண்ணே, மில்லு எடுத்தாச்சா? மருமகன் தேடுறவன்கூட இதுக்குள்ள ரெண்டு பொண்ணைக் கட்டிக் குடுத்திருப்பான்."

"பாத்துக்கிட்டிருக்கேன், யாரெக். அவசரப்பட்டா ஆகுமா."

"அட, கடையில ஓசியில அரைச்சுத் தர்றானே. அதை விட்டுட்டு எங்க போய் அரைக்கிறீங்க?"

"தெரிஞ்சவங்க வீட்டுல. அரைச்சு வெச்சா வாசனை போயிடும்" என்று சொல்லிவிட்டு ஜெனோன் கோப்பைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டார்.

அந்த யாரெக்தான் ஜனவரியில் வினையைக் கொண்டுவந்தான். சர்க்கரை நோய் வந்து, டாக்டர் கண்டித்ததால் பீரை விட்ட ஒருவர் மில்லை விற்கிறாராம். துருப்பிடிக்காத உருளை, ட்ரில் மாட்ட அச்சு, திருகு கெட்டியாக நிற்கும். இருநூற்றைம்பது ஸ்லோட்டி, அதாவது கடை விலையில் பாதி.

"இதுல சொட்டை சொல்ல உங்களாலயே முடியாது. திங்கக்கிழமைக்குள்ள சொல்லுங்க. இல்லேன்னா நான் வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்."

ஜெனோன் அந்த வாரம் சரியாகத் தூங்கவில்லை. உண்மையிலேயே சொட்டை இல்லை. விலை அதிகம் என்று சொல்ல முடியாது, தரம் இல்லை என்று சொல்ல முடியாது. சங்கத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. காய்ச்சுகிறவர்கள் வட்டம் சின்னது, போஜெனாவின் காதுக்கும் ஒருநாள் எட்டும். மில்லை வாங்கினால் சனிக்கிழமை போய்விடும். வாங்காவிட்டால் ஏன் வாங்கவில்லை என்ற கேள்வி வரும். யோசித்து யோசித்துக் கடைசியில் தனக்குத் தெரிந்த ஒரே வித்தைக்கு வந்து சேர்ந்தார். அவளிடம் போய் வேறொரு விலையைச் சொல்வது. அவளாகவே "எதுக்கு வீண் செலவு, இங்கயே வந்து அரைங்க" என்று சொல்லிவிடுவாள். அப்படிச் சொல்லிவிட்டால் பிறகு எந்தச் சாக்கும் தேவையில்லை, காலம் முழுக்க வரலாம். நல்ல ஏற்பாடு என்று அவருக்கே தன்மேல் ஒரு மதிப்பு வந்தது. கெடுமதி கண்ணுக்குத் தெரியாது.

அந்தச் சனிக்கிழமை அரைத்து முடித்துவிட்டு அடுக்களையில் உட்கார்ந்தார். கேக் துண்டைப் பாதி சாப்பிட்டார்.

"மில்லு ஒண்ணு கிடைச்சிருக்கு, மேடம். யாரெக் சொன்னான். இருநூத்தைம்பது, பாதி விலைதான். நல்ல சாமான். இனிமே இவ்வளவு தூரம் பஸ்ல வர வேண்டியதில்லை."

சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்தார். வெளியே பறவைகளுக்குத் தீனி வைக்கிற பலகையில் ஒரு சிட்டு உட்கார்ந்திருந்தது.

போஜெனா கத்தியைக் கீழே வைத்தாள். இப்போது நெளிவாள், இப்போது சொல்வாள் என்று ஜெனோன் காத்திருந்தார்.

"இருநூத்தைம்பது குடுத்தா வாங்கப் போறீங்க?" என்றாள்.

"அப்படித்தான் நினைக்கிறேன்."

"எதுக்கு வீண் செலவு" என்றாள் அவள். ஜெனோன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவள் எழுந்தாள். "இதையே எடுத்துக்கிட்டுப் போங்க. எனக்கு இது எதுக்கு. அவர் இருந்தாலும் உங்களுக்குத்தான் குடுத்திருப்பார்."

"ஐயோ, வேண்டாம் மேடம். இது ஹென்ரிக்கோட..."

"இரும்புதானே சார். வெச்சிருந்தா துருப்பிடிக்கும்."

அவளே கராஜுக்குப் போனாள். பலகையிலிருந்து திருகுகளைக் கழற்றினாள். உருளைகளைத் துணியில் சுற்றிப் பையில் வைத்தாள். உள்ளே போய் ஒரு கூடையோடு வந்தாள். அதில் காலி பாட்டில்கள், பளபளவென்று கழுவித் துடைத்தவை, இரண்டு வருடமாக ஒவ்வொன்றாகச் சேர்ந்தவை. "கணக்குத் தீர்ந்துது" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு கண்வரைக்கும் போகவில்லை. ஜெனோன் பையையும் கூடையையும் வாங்கிக்கொண்டார். நன்றி என்றார். இரண்டு தடவை நன்றி என்றார். பஸ்ஸில் மடியில் மில்லை வைத்துக்கொண்டு, பக்கத்து இருக்கையில் பாட்டில் கூடையை வைத்துக்கொண்டு, வீடு வரைக்கும் எதையும் பார்க்காமல் வந்தார். அவருடைய வித்தை அன்று நன்றாகவே வேலை செய்திருந்தது. விலை அடிமட்டத்துக்கே இறங்கி, சும்மாவே கிடைத்துவிட்டது.

அடுத்த மாதப் புதன்கிழமை சங்கத்தில் செய்தி தெரிந்ததும் யாரெக் மேஜையைத் தட்டினான். "ஜெனோன் அண்ணன் மில்லு எடுத்துட்டாரு. அதுவும் ஓசியில. இதைக் குடிச்சுக் கொண்டாடலேன்னா எதைக் கொண்டாடுறது." எல்லோரும் கோப்பையை உயர்த்தினார்கள். ஜெனோனும் உயர்த்தினார். அத்தனை பேருக்கு நடுவில் அவரைப் போலத் தனியாக அன்று அந்த ஊரில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை மில்லைச் சமையலறை மேஜையில் பூட்டினார். கைப்பிடியைக் கழற்றிவிட்டு ட்ரில்லை மாட்டினார். சுவிட்சைப் போட்டதும், சத்தம் தாங்காமல் கீழ் வீட்டுக்காரி வெந்நீர்க் குழாயைத் தட்டுவதற்குள் அரைத்து முடிந்துவிட்டது. வாளியில் கையை விட்டுப் பார்த்தார். உமி முழுசாக இருந்தது. பதம் அருமை. மணி பத்துகூட ஆகவில்லை. மீதிச் சனிக்கிழமை முழுக்க அப்படியே கிடந்தது, அதை என்ன செய்வது என்று தெரியவில்லை. அண்டாவைக் கிளறும்போது பேச்சு வருகிறதா என்று பார்ப்பது போல "பீட்ரூட் சூப்" என்று ஒருமுறை உரக்கச் சொன்னார். சொன்னபிறகு வெட்கமாக இருந்தது.

அந்த பீர் மார்ச்சில் தயாரானது. அதுவரை காய்ச்சியதில் அதுதான் சிறந்தது, அது அவருக்கே தெரிந்தது. அரைக் கோப்பை குடித்துவிட்டு வைத்தார். இரண்டு பாட்டிலை எடுத்துக் கோட்டின் இரண்டு பைகளிலும் சொருகிக்கொண்டார். மூட்டையும் இல்லை, சக்கரப் பையும் இல்லை. பஸ் ஏறினார்.

போஜெனா வாசல் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தாள். காலடியில் ஒரு பயணப் பை. பனி உருகி வாசலெல்லாம் சேறு.

"எங்கயோ கிளம்பிட்டீங்க போல."

"மக வீட்டுக்கு, வ்ரோட்ஸ்வாஃப். நாலு மணி பஸ்ஸு. என்ன சார், மில்லு மக்கர் பண்ணுதா?"

"இல்ல. நல்லா அரைக்குது." பாட்டில்களை எடுத்து நீட்டினார். "அதுல அரைச்சதுதான் இது."

"எப்படி வந்திருக்கு?"

"இதுவரைக்கும் இப்படி வந்ததில்ல."

"அப்பச் சரி" என்று வாங்கிக்கொண்டாள். சாவியைப் பைக்குள் போட்டாள்.

அவர் சுற்றிலும் பார்த்தார். நின்ற இடத்தில் பார்ப்பதற்கு ஜன்னல்கூட இல்லை. அவள் முகம்தான் இருந்தது.

"மேடம், கடையிலேயே அரைச்சுத் தருவாங்க. காசே கிடையாது. ஒரு கட்டத்தைத் தட்டினாப் போதும். நான் ரெண்டு வருஷமா வேணும்னேதான் முழுசா வாங்கினேன்."

"தெரியும்."

"தெரியுமா?"

"நான் ஹென்ரிக் பொண்டாட்டி, சார். பத்து வருஷம் சோத்துத் தட்டு முன்னாடி இந்தப் பேச்சைத்தானே கேட்டேன். கடையில அரைக்கிறாங்கன்னு, கடைக்காரன் ஒழுங்கா அரைக்கிறதில்லன்னு."

"அப்புறம் ஏன் மில்லைத் தூக்கிக் குடுத்தீங்க?"

"நீங்கதானே வந்து விலை சொன்னீங்க? பாதி விலைக்குக் கிடைக்குது, இனிமே வர வேண்டியதில்லன்னு?" அவள் குரல் உயர்ந்தது. "நான் என்ன கடையா வெச்சிருக்கேன், விலையைக் குறைச்சு ஆளைப் பிடிச்சு வைக்க? சரி, மனுஷன் வர்றதில்லன்னு முடிவு பண்ணிட்டார், வெறுங்கையா அனுப்ப வேண்டாம்னு குடுத்தேன்."

"வர வேண்டாம்னு நான் நினைக்கவே இல்ல. வாங்காதீங்க, இங்கயே வாங்கன்னு நீங்க சொல்லுவீங்கன்னு..." அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். "எனக்கு பீரே அவ்வளவு பிடிக்காது, மேடம். இங்க வர்றதுதான் பிடிச்சிருந்தது. மாசத்துல அந்த ஒரு நாள்தான் எனக்கு நாளா இருந்தது."

போஜெனா பாட்டில்களை வாசற்படியில் வைத்தாள். பிறகு மெல்லப் பேசினாள்.

"மக ரெண்டு வருஷமா கூப்பிட்டுக்கிட்டிருந்தா. வீட்டை வித்துட்டு அங்க வந்துடுன்னு. எனக்கு இங்க வேலை இருக்குன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். என்னம்மா அப்படி வேலைன்னு கேப்பா. மாசத்துக்கு ஒரு தடவை ஒருத்தர் வந்து பார்லி அரைப்பாருன்னு அவகிட்ட எப்படிச் சொல்றது?" மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "அன்னிக்கு நீங்க பஸ் ஏறியிருப்பீங்க, அவ்வளவு நேரம்தான் ஆகியிருக்கும். போன் போட்டு, சரி, வித்துடலாம்னு சொல்லிட்டேன்."

ஜெனோனுக்குக் காலடியில் இருந்த சேறு இன்னும் கொஞ்சம் இறங்கியது போல இருந்தது. எத்தனையோ சொல்ல வேண்டியிருந்தது. வாயில் வந்தது முப்பது வருடப் பழக்கம்.

"முன்பணம் வாங்கியாச்சா?"

"வாங்கியாச்சு. ஈஸ்டர் முடிஞ்சதும் அவங்க குடிவர்றாங்க."

தெருமுனையில் நாலு மணி பஸ் வந்து நின்றது. கதவு திறந்தது. ஓட்டுநர் இந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தான். போஜெனா அசையவில்லை. கதவு மூடிக்கொண்டு பஸ் போய்விட்டது.

"ஆறு மணிக்கு இன்னொண்ணு இருக்கு" என்று சொல்லிவிட்டு அவள் சாவியை மறுபடி வெளியே எடுத்தாள். "வாங்க உள்ள. காப்பி போடுறேன்."

அடுக்களைச் சுவரெல்லாம் வெறுமையாக இருந்தது, அலமாரிக் கதவுகள் திறந்து கிடந்தன. ஜெனோன் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் தண்ணீரை அடுப்பில் வைத்தாள். வெளியே ஒரு கோப்பைதான் இருந்தது. இன்னொன்றுக்காக அவள் தரையில் மண்டியிட்டு, ஒட்டி வைத்திருந்த அட்டைப்பெட்டியைப் பிரிக்க வேண்டியிருந்தது.